பனைகளின் தலை தெரிகிறதா?

“முல்லை கிரவுண்ட், முல்லை கிரவுண்ட். பனைகளின் தலை தெரிகிறதா?”

கேள்வி வானத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தது.  வோக்கி-டோக்கி கையில் இருந்தது. பெருவிரல் பொத்தானின் மேல் இருந்தது. தோளோடு தோள் முட்டுமளவுக்கு நெருங்கி கணேசண்ணை நின்றார். பின்னால் வாகனத்தின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவருடைய மனைவி தவமக்கா படுத்திருந்தா. எட்டு மாதக் கர்ப்பம். அதற்குள் இரண்டு தரம் வலிப்பு வந்துவிட்டது.

வற்றாப்பளைக்குப் போகும் வழியில், நந்திக்கடல் ஓரமாக இருந்த ஒரு வெட்டைவெளி அது. கடலேரிப் பக்கமிருந்து எழும்பிய பனிமூட்டம் வெட்டை முழுவதையும் மூடியிருந்தது. சேறும் அழுகிய பாசியும் மணத்தன. தலைக்கு மேலே எங்கேயோ ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. ஹெலி தெரியவில்லை.

நான் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்காக மேலே ஒருவரும் கீழே ஒருவரும் காத்திருந்தார்கள்.

அந்தச் சொல்லுக்கு வருமுன், நான் எப்படி அந்த வெட்டையில் வந்து நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் போன கிழமை புத்தளத்து அகதி முகாமோடு நிறுத்தியிருந்தேன். ‘திரும்பிப் போனவர்களில் நீங்களும் உண்டா?’ என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஓம், உண்டு. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போனது நான் ஒருவன்தான்.

வீட்டில் இருந்தவர்கள்

எங்கள் வீடு முல்லைத்தீவுக்குக் கிட்ட, தண்ணீரூற்றில். தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில், உப்புக் காற்று, வரிசையில் நின்று வாங்கிய தண்ணீர். அங்கேதான் ஆங்கிலம் படித்தேன், ஒரு தொண்டு நிறுவனத்தில் எழுதுவினைஞன் ஆனேன், பரீதாவைக் கலியாணம் செய்தேன்.

சண்டை நின்று பாதை திறந்தபோது வாப்பா உயிரோடு இல்லை. “போய் வீட்டைப் பாத்திட்டு வா” என்று உம்மா சொன்னா.  மகள் அப்போது பரீதாவின் மடியில்.

எங்கள் வீட்டின் கூரை அப்படியே இருந்தது. குசினியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. படலையில் நின்று தொண்டையைச் செருமினேன். ஈரக்கையைச் சீலையில் துடைத்தபடி ஒரு பெண் வெளியே வந்தா.

“ஆர் வேணும்?”

“இது எங்கட வீடு” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. “ஓம். எப்பயாவது வருவியள் எண்டு தெரியும். உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ.”

அதுதான் தவமக்கா. அவவும் கணேசண்ணையும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளாலிக் கடலைத் தோணியில் தாண்டி வந்தவர்கள். பூட்டுடைந்து கிடந்த எங்கள் வீட்டில் ஏழெட்டு வருடமாக இருந்தார்கள். கிணற்றை இறைத்து, உடைந்த ஓடுகளை மாற்றி, வாப்பாவின் வயலையும் விதைத்திருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்த வீட்டைக் காடு எடுத்திருக்கும். அது எனக்குத் தெரியும். என் வீட்டுக்குள் நான் விருந்தாளியாகக் கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்ததும் எனக்கு மறக்காது.

முன்னறையை எனக்கு ஒதுக்கித் தந்தார்கள். நான் அங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டேன். தவமக்கா இரண்டு உலை வைக்கவில்லை. கோழிக்கறி ஆக்குகிற நாளில் என்னைக் கூப்பிட்டுக் கத்தியைத் தருவா. “நீயே அறு தம்பி. பேந்து நீயும் எங்களோட சாப்பிடலாம்.” கலியாணமாகிப் பதினொரு வருடம் அவவுக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் போட்ட சோற்றில் கொஞ்சம் அந்த இல்லாத பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டா என்றுதான் நினைக்கிறேன்.

இதற்குள் ஒரு தவறும் செய்தேன். முழு வீடும் கிடைத்தால்தான் வருவேன் என்று பரீதா எழுதியிருந்தாள். கார்த்திகை மழைக்குள் ஒரு நாள் கணேசண்ணையிடம் வாயைத் திறந்தேன்.

“அண்ணை, தைக்குப் பிறகு வேற இடம் பாக்கேலுமோ?”

அவர் மண்வெட்டியிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டே, “பாப்பம்” என்றார்.

அப்போது தவமக்கா ஆறு மாதம். அது எனக்குத் தெரிந்திருந்தும்தான் கேட்டேன்.

மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது.

சாரத்தில் செய்த காற்றுக்கொடி

கடல் வந்து போனதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதற்கு வேறு அத்தியாயம் வேண்டும், வேறு தைரியமும் வேண்டும். கரையோர ஆஸ்பத்திரி போய்விட்டது. வைத்தியர்கள் கூடாரங்களில் வேலை செய்தார்கள். மழை நிற்கவில்லை. பாலங்கள் உடைந்து பாதைகள் தண்ணீருக்குள் கிடந்தன. மருந்தும் ஆட்களும் வர, எங்கள் நிறுவனம் வாடகைக்கு ஒரு ஹெலி பிடித்தது. கிழமைக்கு ஒரு நாள், காலையில் மட்டும். ஒவ்வொரு தரமும் இரண்டு பக்கத்திலும், அரசிடமும் இயக்கத்திடமும், அனுமதி வாங்க வேண்டும்.

கீழே நின்று ஹெலியோடு ஆங்கிலத்தில் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. கிளிநொச்சி அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இரண்டு மணித்தியாலம் எனக்குப் பாடம் எடுத்தா. பொத்தானை அமத்து. மனதுக்குள் ஒன்று எண்ணு. பிறகு பேசு, இல்லாவிட்டால் உன் முதல் சொல் அறுந்துவிடும். நீ அமத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர் சொல்வது உனக்குக் கேட்காது. பேசி முடித்தால் கையை எடு.

“அவ்வளவுதானா?” என்று கேட்டேன்.

“இன்னொன்று. கண்ணில் பட்டதை மட்டும் சொல். நினைப்பதைச் சொல்லாதே.”

காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு கொடி வேண்டும் என்றார்கள். நான் இடுப்பில் உடுத்திய பழைய சாரத்தைக் கிழித்து, தைத்து, மூங்கிலில் கட்டினேன். நீலக் கட்டம் போட்ட சாரம். வயலுக்குப் போகிற பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மற்ற வேலை மாடு கலைப்பது. ஹெலி வரும் நாளென்று மாடுகளுக்கு எப்படித் தெரியுமோ, அன்றைக்குத்தான் எல்லாம் வெட்டைக்கு வரும்.

முதல் நாள் நடந்ததை மறக்க முடியாது. ஹெலிச் சத்தம் கேட்டதும், வேடிக்கை பார்க்க வந்த நாற்பது ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் நிலத்தில் விழுந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கத்தவில்லை. முகத்தை மண்ணில் வைத்து, கையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்தார்கள். அந்த வெட்டையில் நின்றுகொண்டிருந்தவன் நான் மட்டும்தான்.

கணேசண்ணை எழும்பி, நெற்றியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வெட்கத்தோடு சிரித்தார்.

“பழகிப் போச்சு தம்பி. நீ இஞ்ச இருக்கேல்லைத்தானே.”

பிழையாக ஒன்றும் சொல்லவில்லை அவர். ஆனால் அன்று முழுக்க அந்தச் சொல் என்னோடு வந்தது.

குரல்

ஹெலியோட்டியின் பெயர் விக்தர். எங்கேயோ குளிர் தேசத்து ஆள். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டை. அதனால் நன்றாக விளங்கியது.

அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. இறங்கினால் பத்து நிமிடம்தான். விசிறி நிற்காது. புழுதியும் சேறும் பறக்கும், நான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் தெரியும். ஒரு கை அசையும். பிறகு எழும்பிப் போய்விடுவார்.

ஆனால் குரல் பழகிவிட்டது. திரும்பிப் போகும்போது, வேலைக் கதை முடிந்த பிறகு, ஒரு கேள்வி கேட்பார். “இன்று என்ன சாப்பாடு?” நான் புட்டு என்பேன். “புட்டு. நல்லது” என்பார். ஹெலி தாழப் பறப்பதால் பத்துப் பன்னிரண்டு மைலில் குரல் அறுந்துவிடும். முதலில் கரகரக்கும், பிறகு சொல்லின் நடுவில் போய்விடும். அறுந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் வோக்கியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். வெட்டையில் மாடுகள் திரும்பி வந்து மேயத் தொடங்கும்.

அப்போது முல்லைத்தீவில் தொலைபேசி வேலை செய்யவில்லை. பரீதாவோடு பேச வேண்டுமென்றால் கிளிநொச்சி போய், கடையில் வரிசையில் நின்று, மூன்று நிமிடம் பேச வேண்டும். கிழமைக் கணக்கில் நான் ஊன்றிக் கேட்ட ஒரே குரல் விக்தருடையது.

பனை விஷயம் அவருடைய யோசனைதான். வெட்டையின் கிழக்கே ஒரு பனை வரிசை, மேற்கே ஒரு வரிசை. நடுவில்தான் இறங்க வேண்டும். “மேகம் எத்தனை அடி உயரம் என்று உனக்குச் சொல்லத் தெரியாது” என்றார். “பனைகளின் தலை தெரிகிறதா என்று சொல். இரண்டு பக்கமும் தெரிந்தால் வருகிறேன். தெரியாவிட்டால் திரும்பிவிடுகிறேன். மேலிருந்து எனக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். நீதான் கண்.”

அந்தக் காலை

விடிய முன்னம் கணேசண்ணை என் அறைக் கதவை இடித்தார். தவமக்காவின் முகம் வீங்கியிருந்தது. பற்கள் இறுகி, கண் மேலே போயிருந்தது. கூடாரத்து ஆஸ்பத்திரியில் வைத்தியர் பார்த்துவிட்டு, உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், இங்கே வசதி இல்லை என்றார்.

“கிளிநொச்சிக்குப் பாதையால் போனால் இன்றைக்கு நாலு மணித்தியாலம், இல்லையென்றால் அதற்கும் மேல். ஹெலி இன்றைக்கு வருகிற நாள்தானே? வவுனியாவுக்கு இருபது நிமிடம். ஹெலியில் அனுப்புவோம்.”

அப்படித்தான் வெட்டைக்கு வந்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தோம்.

“முல்லை கிரவுண்ட். தலை தெரிகிறதா?”

பொத்தானை அமத்தினேன். ஒன்று எண்ணினேன். “இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. அவசர நோயாளி ஒருவர் இருக்கிறார். கர்ப்பிணி. காத்திருக்க முடியுமா?”

“பத்து நிமிடம் சுற்றுகிறேன். அதற்கு மேல் எண்ணெய் போதாது.”

கணேசண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது. “என்னவாம்?”

“பாத்துக்கொண்டு நிக்கிறாராம் அண்ணை.”

மூட்டம் அசைந்தது. என் சாரக்கொடி நனைந்து தொங்கியது. பிறகு நந்திக்கடல் பக்கமிருந்து காற்று கொஞ்சம் வந்தது. கிழக்குப் பனைகளின் தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் மேற்கே திரும்பினேன். அங்கே பாதி மரத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

“தெரியுது! அங்க பார், தெரியுது!” என்று கணேசண்ணை என் கையைப் பிடித்தார். “சொல்லு தம்பி, வரச் சொல்லு.”

“மேற்கால தெரியேல்லை அண்ணை.”

“அவன் கீழ வந்தா அவனுக்குத் தெரியும்தானே. நீ தெரியுதெண்டு சொல்லு. ஒரு சொல்லுத்தானே கேக்கிறன். உன்ர அக்காவெண்டா சொல்லாமல் விடுவியோ?”

வாகனத்துக்குள்ளிருந்து தாதியின் குரல் கேட்டது. மூன்றாவது வலிப்பு.

“முல்லை கிரவுண்ட். கடைசித் தரம் கேட்கிறேன். தலை தெரிகிறதா?”

அந்த நேரத்தில் எனக்குள் பெரிய யோசனை எதுவும் ஓடவில்லை. பின்னால் பல வருடம் ஓடிய யோசனைகள் வேறு. அப்போது தெரிந்தது ஒன்றுதான். மேலே இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருக்கிறார். கீழே இருப்பவரும் என் கையைத்தான் பிடித்திருக்கிறார்.

அமத்தினேன். “கிழக்குத் தெரிகிறது. மேற்குத் தெரியவில்லை.”

கையை எடுத்தேன். இரைச்சல் மட்டும். பிறகு விக்தர் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக. “விளங்கியது. திரும்புகிறேன். அந்தப் பெண்ணுக்காக வருந்துகிறேன்.”

சத்தம் தெற்கே நகர்ந்தது. கணேசண்ணை என் கையை விட்டார். அவருக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

வெயில்

வாகனம் பாதையால் புறப்பட்டது. தாதியும் கணேசண்ணையும் ஏறினார்கள். எனக்கு இடமில்லை. இருந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்.

அரை மணித்தியாலம் ஆகவில்லை, வெயில் எறித்தது. நான் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மூட்டம் பாயைச் சுருட்டுவது போல் கடலேரிக்கு மேலே சுருண்டு போய்விட்டது. இரண்டு வரிசைப் பனைகளும் வேரிலிருந்து குருத்துவரை தெளிவாக நின்றன. ஒவ்வொரு ஓலையையும் எண்ணலாம்.

வோக்கியை எடுத்தேன். “இது முல்லை கிரவுண்ட். இரண்டு பக்கமும் தெரிகிறது. கேட்கிறதா? இரண்டு பக்கமும் தெரிகிறது.” பதில் இல்லை. வெட்டையின் மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டேன். கையை உயர்த்திப் பிடித்துக் கூப்பிட்டேன். உயர்த்திப் பிடித்தால் வாய்க்கும் வோக்கிக்கும் தூரமாகிவிடும். ஆனாலும் கத்தினேன். என் குரல் கேட்காத தூரத்துக்கு அவர் போய்விட்டார் என்று எனக்குத் தெரியும்.

அலுவலகத்து ரேடியோவில் கிளிநொச்சியைப் பிடித்தேன். ஹெலி வவுனியாவில் எண்ணெய் அடிக்கிறது, ஆனால் அனுமதி நேரம் முடிந்துவிட்டது, இனி அடுத்த கிழமைதான் என்றார்கள்.

வாகனம் கிளிநொச்சி வழியிலுள்ள தர்மபுரத்தைத் தாண்டவில்லை. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். தவமக்கா பிழைத்தா. பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை.

பத்து நாள் கழித்து உழவு இயந்திரம் ஒன்று எங்கள் படலையில் வந்து நின்றது. கணேசண்ணை சாமான்களை ஏற்றினார். நான் முற்றத்தில் நின்றேன். கடைசியாக நெல்மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தைக்குப் பிறகு எண்டு கேட்டனீதானே. இந்தா. தை முடிஞ்சுது.”

“அண்ணை, அதுக்கும் இதுக்கும்...”

“ஒண்டை மட்டும் சொல்லு. நீ அண்டைக்கு வானத்தைப் பாத்தோ சொன்னனி, வீட்டைப் பாத்தோ சொன்னனி?”

எனக்குக் கோபம் வந்தது. எரிகிற கோபம். அந்தக் கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். தவமக்கா உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டிக்குள் சாமான்களோடு சாமானாக இருந்தா. என்னைப் பார்க்கவில்லை.

வீடு எனக்குக் கிடைத்தது. நாலு அறை, குசினி, கிணறு. ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தனியாக இருந்தேன். முன்னறையை விட்டு மற்ற அறைகளுக்குப் போகவில்லை. குசினியில் உலை வைக்க மனமில்லாமல் கடையில் சாப்பிட்டேன். பரீதாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவளிடமிருந்து பதில் வந்தது. ‘வீடு கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குசினியில் நான் எப்படி அடுப்பு மூட்டுவது? நீங்கள் இங்கே வந்துவிடுங்கள்.’

விக்தர் அடுத்த கிழமை வந்தார். “அந்தப் பெண்?” என்று கேட்டார். சொன்னேன்.  பொத்தானை அமத்திவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்று கரகரப்பிலிருந்து தெரிந்தது. “திரும்பியது நான். நீ இல்லை” என்றார். அன்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மழைக்காலம் முடிய அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. வேறொரு குரல் வந்தது. அது வேலைக் கதை மட்டும் பேசியது.

மறுபடி சண்டை தொடங்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த நாட்களில், நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் புத்தளம் போனேன்.

தண்ணீர் வரிசை

சண்டை முடிந்த வருடம், செட்டிகுளத்துப் பக்கம் முகாம்களில் தண்ணீர் கொடுக்கிற வேலைக்கு என்னை அனுப்பினார்கள். அடுக்கடுக்காகக் கூடாரம். வெள்ளைப் புழுதி. தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வருமுன்னமே வாளிகள் அரை மைலுக்கு வரிசையில் நிற்கும்.

“நஸாரோ?”

குரலை வைத்துத்தான் தவமக்காவை அடையாளம் கண்டேன். முகத்தில் எலும்புதான் மிச்சம். தலை பாதி நரைத்திருந்தது.

“அக்கா. அண்ணை எங்க?”

“அவர் கடைசிச் சண்டையில, மாத்தளனிலயே...” என்றா. முடிக்கவில்லை. 

வரிசை அசையவில்லை. வெயில் சுட்டது. நான் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவ கேட்டா.

“அண்டைக்கு அந்த ஹெலிக்குள்ள எத்தினை பேர் இருந்தவை?”

ஒவ்வொரு தரமும் ஹெலி புறப்பட்டதும் எத்தனை பேர், யார் யார் வருகிறார்கள் என்று கிளிநொச்சி அலுவலகம் எனக்குச் சொல்லும். அன்றைக்கும் சொன்னது.

“ஏழு பேர் அக்கா. மூண்டு பேர் டொக்டர்மார்.”

அவ வாளியின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றா. உதடு அசைந்தது. எண்ணுகிறா என்று நினைத்தேன்.

“நீ இதை இவருக்குச் சொல்லேல்லை.”

“இல்லை.”

“ஏன்?”

“வீட்டைப் பாத்துச் சொன்னனியோ எண்டு கேட்டார். கோவம் வந்திட்டுது.”

“பங்கருக்குள்ள இருக்கேக்கையும் உன்னைத்தான் திட்டுவார். ‘ஒரு சொல்லு, ஒரு சொல்லு’ எண்டு.” தவமக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்த வெட்டைக்குப் பிறகு முதல் தரமாக. “ஏழு பேர் எண்டு தெரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருப்பார். அவர் அப்பிடிப்பட்ட மனுசன். உனக்கும் அது தெரியும்.”

தெரியும். அவருடைய கையில் சோறு தின்றவன் நான். ஏழு என்ற ஒரு சொல் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் நான் கெஞ்சுவதாக ஆகிவிடும் என்று நினைத்துக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். நாலு வருடம் அவர் என்னைத் திட்டியபடியே இருந்து செத்துப்போனார்.

பவுசர் வந்தது. வரிசை நகர்ந்தது. அவவிடம் இரண்டு வாளி. நிரம்பியதும் நான் ஒன்றைத் தூக்கினேன். அவ தடுக்கவில்லை, நன்றி சொல்லவுமில்லை. கூடாரம்வரை அவவுக்குப் பின்னால் நடந்தேன்.

வாசலில் வாளியை வைத்தேன்.

“நாளைக்கும் வருவியோ?” என்றா.

“வருவன் அக்கா.”

“வா. வந்து அந்த ஏழு பேரும் ஆரார் எண்டு எனக்குச் சொல்லு.”